கண்ணுக்கு வயதாவது எப்படி? ஆக்சிஜனேற்றம், பழுதான புரதம், கண்புரை, மாக்குலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரியக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாரும் மனதில் இருப்பதைக் கேட்பார்கள். மாத்திரை டப்பாவில் படித்தது, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொன்னது, பேரன் அனுப்பிய வீடியோவில் பார்த்தது என்று எங்கிருந்தோ வந்திருக்கும், ஆனால் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு எல்லா டப்பாவிலும் போட்டிருக்கே, அது டென்ஷனா?

இல்லை. மன அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உணவை எரித்துச் சக்தி எடுக்க செல்லுக்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த வேலை நடக்கும்போது கொஞ்சம் ஆக்சிஜன் பாதி வழியில் நழுவி சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ராடிக்கல் என்று வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுகளாகிவிடுகிறது. இவை பக்கத்தில் இருக்கும் புரதம், கொழுப்பு, டிஎன்ஏ எதுவானாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது பழுதாகிறது. வெளிச்சம் பட்டாலும் இவை உருவாகும். சிகரெட் புகையிலும் ஏராளமாக வருகின்றன.

இவற்றை அடக்கவும் செல்லில் ஏற்பாடு இருக்கிறது. சில நொதிகள், குளுட்டாதயோன் என்ற சிறிய மூலக்கூறு, வைட்டமின் சி, வைட்டமின் இ எல்லாம் அந்த வேலையில் இருக்கின்றன. உருவாவதும் அடக்கப்படுவதும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. உருவாவது கூடினாலோ அடக்கும் சக்தி குறைந்தாலோ தராசு சாய்கிறது. அந்தச் சாய்வுக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள் செய்தி கடத்தவும் பயன்படுகிறது. அதனால் முழுக்கத் துடைத்தெறிய வேண்டிய விஷம் என்று இதை நினைக்க வேண்டாம்.

உடம்பு முழுக்க ஆக்சிஜன் இருக்கு. கண்ணை மட்டும் ஏன் தனியா சொல்றீங்க?

உடம்பின் உள்ளே இருக்கும் திசுக்களில் கண் ஒன்றுதான் விழித்திருக்கும் நேரமெல்லாம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அந்த வெளிச்சத்தைக் குவித்து விழித்திரையில் ஒரே இடத்தில் விழ வைக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அதன் ஒளி உணரும் செல்களின் சவ்வில் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. அது மிக எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு. வெளிச்சம், ஆக்சிஜன், எளிதில் கெடும் கொழுப்பு மூன்றும் இப்படி ஓரிடத்தில் சேர்ந்திருப்பது வேறு எங்கும் இல்லை.

லென்ஸின் சிக்கல் வேறு. அங்கே ஆக்சிஜன் குறைவுதான். ஆனால் பழுதானதை மாற்ற வழியில்லை. கண் மூப்பின் கதையே இந்த இரண்டு இடங்களும் இரண்டு விதமாகக் கெடுவதுதான்.

புரதச் சிதைவுன்னா நல்லதா கெட்டதா? ஒரு இடத்துல நல்லதுன்னும் இன்னொரு இடத்துல கெட்டதுன்னும் போட்டிருக்கு.

குழப்பம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒரே சொல்லைப் புழங்குகிறோம். புரதம் தானாகப் பழுதாவது ஒன்று: மடிப்பு குலைவது, ஆக்சிஜனேற்றம் அடைவது, சர்க்கரை ஒட்டிக்கொள்வது, பக்கத்துப் புரதத்தோடு பிணைந்து கட்டியாவது. இது கெட்டது. பழுதான புரதத்தைச் செல்லே பிரித்து, துண்டுகளை மறுபடி பயன்படுத்துவது மற்றொன்று. இது நல்லது மட்டுமில்லை, இது நின்றால் செல் பிழைக்காது.

அந்தப் பிரிக்கும் வேலைக்கு இரண்டு வழிகள் உண்டு. அகற்ற வேண்டிய புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறிய புரதத்தை முத்திரை மாதிரி ஒட்டி, புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரத்துக்குள் அனுப்பி நறுக்குவது முதல் வழி. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பெரிய கட்டிகளையும் செல்லுக்குள் இருக்கும் பழைய நுண்ணுறுப்புகளையும் ஒரு சவ்வுப் பையில் சுற்றி, அமில நொதிகள் இருக்கும் லைசோசோமுக்குள் கொட்டுவது இரண்டாவது வழி. அதற்குப் பெயர் ஆட்டோஃபேஜி. வயதாக ஆக இரண்டுமே மந்தமாகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் புரோட்டியசோமையும் லைசோசோமையுமே தாக்கும். குப்பை கூடும் நேரத்தில் குப்பை அள்ளுபவரும் களைத்துப்போகிறார்.

இனிமேல் இந்தப் பக்கத்தில் புரதம் தானாகக் கெடுவதைப் பழுது என்றும், கெட்டதைச் செல் பிரித்தெடுப்பதை அகற்றல் என்றும் எழுதுகிறேன்.

லென்ஸ்ல இருக்கிற புரதம் நான் பிறக்கும்போது இருந்ததேதான்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு வியப்புக் குறையாத விஷயம் இது. லென்ஸ் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக வளர்கிறது. வெளி விளிம்பில் புதுச் செல்கள் நீண்டு நாராக மாறி, பழையவற்றின் மேல் படிந்துகொண்டே போகின்றன. நாரானதும் அந்தச் செல், வெளிச்சத்துக்குத் தடையாக இருக்கக்கூடாதென்று தன் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் மற்ற உறுப்புகளையும் தானே கரைத்துவிடுகிறது. உட்கரு போனதும் புதுப் புரதம் செய்ய வழியில்லை. உறுப்புகள் போனதால் அகற்றலும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நடுவில் இருப்பவை நீங்கள் கருவில் இருந்தபோது உருவான நார்கள். அவற்றிலுள்ள புரதத்துக்கு உங்கள் வயதைவிடச் சில மாதம் கூடுதல்.

இதற்கு அணுகுண்டு சோதனைகள் மூலம் சான்று கிடைத்தது. 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வெளியில் நடந்த சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. புரதம் உருவானபோது காற்றில் இருந்த அளவு அதிலேயே பதிந்துவிடும். 2008-இல் டென்மார்க் ஆய்வாளர்கள், இறந்தவர்களின் லென்ஸ் புரதத்தில் இருந்த கார்பன்-14 அளவை வைத்தே அவர்கள் பிறந்த ஆண்டைக் கணித்துக் காட்டினார்கள். 2016-இல் கிரீன்லாந்து சுறாவின் லென்ஸ் நடுவிலும் கார்பன்-14-ஐ அளந்தபோது, பெரிய சுறா ஒன்றுக்கு வயது சுமார் 392 என்று மதிப்பிட்டார்கள். 120 ஆண்டு முன்பின் இருக்கலாம். குறைந்த கணக்கில் பார்த்தாலும் 272 ஆண்டு பழைய புரதம்.

அவ்வளவு பழசு, மாத்தவும் முடியாதுன்னா, சின்ன வயசிலேயே ஏன் மங்கிப் போறதில்லை?

பாதுகாப்பு பல அடுக்காக இருப்பதால்தான். லென்ஸின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புரதம். அதில் பெரும்பகுதி கிரிஸ்டலின் என்ற குடும்பம்: ஆல்ஃபா, பீட்டா, காமா. இவை நெருக்கமாகவும் சீராகவும் அடுக்கியிருப்பதால்தான் வெளிச்சம் சிதறாமல் கடந்து போகிறது. இதில் ஆல்ஃபா கிரிஸ்டலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பக்கத்தில் ஒரு புரதம் மடிப்புக் குலையத் தொடங்கினால் அதைப் போய்த் தாங்கிப் பிடித்து, மற்றவற்றோடு ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும். 1992-இல்தான் இந்த வேலை தெரியவந்தது. அகற்ற முடியாத வீட்டில் பழுதானதைக் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் பிடித்த கை அப்புறம் வேறு எதையும் பிடிக்க முடியாது. நடுத்தர வயதை அடையும்போது லென்ஸின் நடுப்பகுதியில் கையில் சுமையில்லாத ஆல்ஃபா கிரிஸ்டலின் ஏறக்குறைய தீர்ந்துபோகிறது.

அடுத்தது குளுட்டாதயோன். இளம் லென்ஸில் இது மிக அதிகம். லென்ஸின் வெளி அடுக்குகளில் தயாராகி நடுவுக்கு ஊடுருவிப் போகிறது. நடுத்தர வயதில் வெளிக்கும் நடுவுக்கும் இடையே ஒரு தடை மாதிரி உருவாகி, நடுவுக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் நீரில் வைட்டமின் சி இரத்தத்தில் இருப்பதைப்போல் சுமார் 20 மடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக லென்ஸ் ரத்தக் குழாயே இல்லாத, ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் பின்னால் ஒரு கேள்விக்கு வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்புரை கண்ணு மேல படர்ற தோல்தானே? உரிச்சு எடுத்துட்டா போச்சு?

இல்லை. மேலே படர்வது வேறு நோய். கண்புரை லென்ஸுக்குள்ளேயே நடப்பது. மேலே சொன்ன பாதுகாப்புகள் தளர்ந்ததும் கிரிஸ்டலின்களின் கந்தக முனைகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒன்றோடொன்று பிணைகின்றன, கட்டிகள் வளர்கின்றன, வெளிச்சம் சிதறுகிறது. கூடவே மஞ்சளும் பழுப்பும் ஏறுகிறது. படலம் என்று ஒன்று தனியாக இல்லாததால் உரிக்க எதுவும் இல்லை. லென்ஸின் உள்பொருள் முழுவதையும் எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் சிகிச்சை.

ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாக விட்டால் லென்ஸ் குறுக்கே வெட்டின மாதிரி தெரியும். பத்து வயதுப் பிள்ளையின் லென்ஸில் அந்தக் கீற்று லேசான நீலச் சாம்பல் நிறத்தில், ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத மாதிரி போகும். எழுபது வயதில் நடுவில் ஒரு மஞ்சள் உருண்டை தனியாகத் தெரியும். பிறக்கும்போதே இருந்த பகுதி அந்த உருண்டைக்குள்தான் இருக்கிறது.

நாப்பது வயசுல வெள்ளெழுத்து வந்துடுச்சு. இதுவும் புரையோட ஆரம்பமா?

வெள்ளெழுத்து நோய் இல்லை, எல்லாருக்கும் வருவது. ஆனால் அடியில் ஓடும் காரணம் உறவுள்ளது. கிட்டத்தில் பார்க்க லென்ஸ் உருண்டு கொடுக்க வேண்டும். புரதங்கள் இறுகிப் பிணைய ஆரம்பித்ததும் லென்ஸ் விறைக்கிறது. வாழ்நாளில் லென்ஸின் நடுப்பகுதி பல நூறு மடங்கு விறைப்பாகிறது என்று அளந்திருக்கிறார்கள். தெளிவு போவதற்குப் பல வருடம் முன்பே நெகிழ்வு போய்விடுகிறது. வெள்ளெழுத்து சீக்கிரம் வந்தால் புரையும் சீக்கிரம் வரும் என்று கணக்குப் போட வேண்டாம். கண்ணாடி போட்டால் கண் கெடும் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் அதன் போக்கில்தான் விறைக்கும்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு, திடீர்னு கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறாங்க. பார்வை திரும்பி வந்துடுச்சா?

இதைச் சொல்ல வருபவர்களின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும், எனக்கு மறுத்துச் சொல்லவே மனசு வராது. ஆனால் சொல்லியாக வேண்டும். லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது அதன் ஒளி வளைக்கும் சக்தி கூடுகிறது. கண் கிட்டப்பார்வைப் பக்கம் நகர்கிறது. வெள்ளெழுத்துக்காகப் போட்டிருந்த பிளஸ் கண்ணாடி செய்த வேலையை இப்போது லென்ஸே செய்கிறது. அதனால் கிட்டத்து எழுத்து தெரிகிறது. அதே நேரம் தூரத்தில் இருப்பவர் முகம் மங்கியிருக்கும், கேட்டுப் பாருங்கள். இது நடுப்புரையின் ஆரம்பம். சில மாதமோ சில வருடமோ கழித்துக் கிட்டத்து எழுத்தும் மங்கும். பயப்பட வேண்டியதில்லை, பரிசோதனை மட்டும் செய்துகொள்ளட்டும்.

சர்க்கரை இருக்கிறவங்களுக்குப் புரை ஏன் சீக்கிரம் வருது?

இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. இரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் லென்ஸிலும் கூடும். அது புரதத்தின் மேல் தானாக ஒட்டிக்கொண்டு, காலப்போக்கில் பழுப்பு நிறப் பிணைப்புகளாக மாறும். மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்க்கும் எச்பிஏ1சி பரிசோதனையில் ஹீமோகுளோபினில் பார்ப்பதும் இதே ஒட்டுதல்தான். ஆனால் சிவப்பணு நான்கு மாதத்தில் மாறிவிடும், லென்ஸ் புரதம் மாறாது. பத்து வருடம் முன்னால் ஒட்டியதும் அங்கேயே இருக்கும். இரண்டாவது, கூடுதல் குளுக்கோஸில் ஒரு பகுதி சார்பிட்டாலாக மாறி லென்ஸுக்குள் தங்கி நீரை இழுக்கிறது. அப்படி மாறும்போது குளுட்டாதயோனைப் புதுப்பிக்கத் தேவையான பொருளும் செலவாகிறது.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி பவர் வாரத்துக்கு வாரம் மாறும். அந்த நேரத்தில் புதுக் கண்ணாடி வாங்கினால் ஒரு மாதத்தில் உதவாமல் போய்விடும். சர்க்கரை நிலையான பிறகு பவர் பாருங்கள்.

விழித்திரையிலயும் இதே கதைதானா?

இல்லை, ஏறக்குறைய நேர் எதிர். லென்ஸில் எதுவும் மாறுவதில்லை. விழித்திரையில் தினமும் மாறுகிறது. ஒளி உணரும் குச்சி செல்லின் நுனியில் தட்டுகள் அடுக்கியிருக்கும். வெளிச்சமும் ஆக்சிஜனும் அவற்றைக் கெடுத்துக்கொண்டே இருப்பதால், செல் அடியில் புதுத் தட்டுகளைச் சேர்த்து நுனியில் பழையவற்றை உதிர்க்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு உதிரும். பத்து நாளில் அடுக்கு முழுவதும் புதிது. அதிகமாக உதிர்வது காலையில் வெளிச்சம் வந்ததும்.

உதிர்ந்ததை விழுங்குவது பின்னால் இருக்கும் நிறமி எபிதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள். ஒரு கண்ணில் சுமார் 35 லட்சம் செல்கள். ஒவ்வொன்றும் முப்பதுக்கும் மேற்பட்ட ஒளி செல்களின் கழிவைத் தினமும் செரிக்கிறது. உடம்பிலேயே மிகக் கடுமையாக விழுங்கிச் செரிக்கும் செல் இதுதான் என்று சொல்லலாம். அந்தச் செல்கள் பெரியவர்களில் பெருகுவதில்லை, பிறந்தபோது இருந்தவையே கடைசிவரை உழைக்க வேண்டும். அகற்றல் என்று முன்னால் சொன்னேனே, அதன் முழுப் பாரமும் இங்கேதான் விழுகிறது.

எல்லாம் செரிப்பதில்லை. ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பும் வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் சில கழிவுகளும் செரிக்க முடியாத மிச்சமாகத் தங்குகின்றன. அதற்கு லிப்போஃபஸ்சின் என்று பெயர். எண்பது வயதில் அந்தச் செல்லின் உட்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குவரை இதுவே அடைத்திருக்கும். நீல ஒளி பட்டால் லிப்போஃபஸ்சின் தானாக ஒளிரும். அந்த ஒளிர்வைப் படம் எடுத்துத்தான் இன்று செல்களின் நலத்தைப் பார்க்கிறார்கள். நீல ஒளி பட்டதும் அது புதிதாக ராடிக்கல்களையும் உண்டாக்கும் என்பதுதான் வருத்தம். கழிவே அடுத்த பழுதுக்கு விதையாகிறது.

ரிப்போர்ட்ல 'ட்ரூசன்'னு எழுதியிருக்கு. கண் போயிடுமா?

ட்ரூசன் என்பது அந்த நிறமிச் செல்லுக்கு அடியில் படியும் மஞ்சள் புள்ளி. கொழுப்பு, புரதம், நோய் எதிர்ப்பு அமைப்பின் காம்ப்ளிமென்ட் புரதங்கள் எல்லாம் கலந்த படிவு. சின்னச் சின்னதாக ஒன்றிரண்டு இருப்பது வயதானவர்களில் சகஜம். நடுத்தர, பெரிய அளவில் இருந்தால்தான் வயது சார்ந்த மாக்குலா சிதைவு, அதாவது கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய், என்று வகைப்படுத்திக் கவனிப்பார்கள். அதனால் ரிப்போர்ட்டில் அளவும் எண்ணிக்கையும் என்ன என்று கேளுங்கள், சொல்லை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம்.

2005-இல் காம்ப்ளிமென்ட் ஃபாக்டர் எச் என்ற மரபணுவின் ஒரு வகை இந்த நோயின் அபாயத்தை வெகுவாகக் கூட்டுவது தெரியவந்தது. அதாவது ஆக்சிஜனேற்றம் மட்டும் காரணமில்லை. பழுதைப் பார்த்து எதிர்ப்பு அமைப்பு ஓயாமல் கிளர்ந்தெழுவதும் சேர்ந்துதான் நோயாகிறது.

ஃபோன் பார்த்துப் பார்த்துத்தான் இதெல்லாம் வருதா? நீல ஒளிக் கண்ணாடி வாங்கலாமா?

திரையின் வெளிச்சம் பகல் வானத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். திரை ஒளியால் மனிதர்களில் விழித்திரை கெட்டதாகச் சான்று இல்லை. இதற்கென்று பணம் செலவழிக்க வேண்டாம். திரை பார்த்தால் கண் எரிவதும் களைப்பதும் கண் சிமிட்டுவது குறைவதால், அது வேறு விஷயம். வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டும் உண்மையான கவலை. லென்ஸின் வெளி அடுக்கில் வரும் புரையோடு அதற்கு உறவு உண்டு. தொப்பியும் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் போதும்.

ஆக்சிஜனேற்றம்தான் காரணம்னா ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டா புரை வராதுதானே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். ஆனால் சோதித்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அமெரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களுக்கு வைட்டமின் சி, வைட்டமின் இ அல்லது வெற்று மாத்திரை கொடுத்துச் சுமார் 8 ஆண்டுகள் பார்த்தார்கள். கண்புரை வருவதில் வித்தியாசமே இல்லை. வயது சார்ந்த கண் நோய்களை ஆராய்ந்து 2001-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஏரெட்ஸ் ஆய்விலும் அதிக அளவு ஆன்டிஆக்சிடன்ட் புரையைத் தடுக்கவில்லை.

ஏன் என்று முன்னால் சொன்ன பதில்களிலிருந்தே ஊகிக்கலாம். சத்துள்ள உணவு சாப்பிடுபவரின் கண் நீரில் வைட்டமின் சி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. குறைவது லென்ஸின் நடுவில் இருக்கும் குளுட்டாதயோன். அங்கே போய்ச் சேர வழிதான் அடைபட்டிருக்கிறது. வாயில் போடும் மாத்திரை அந்தத் தடையைத் தாண்டாது. ஏற்கெனவே பிணைந்துபோன புரதத்தை எந்த வைட்டமினும் பிரிக்காது.

அப்போ மாக்குலாவுக்கு டாக்டர் ஏரெட்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தாரே, அதுவும் வீணா?

அது வீணில்லை, சரியான ஆளுக்குக் கொடுத்தால். அதே ஏரெட்ஸ் ஆய்வில் நடுத்தரக் கட்ட மாக்குலா சிதைவு உள்ளவர்களையும், ஒரு கண்ணில் முற்றிய நிலை வந்துவிட்டவர்களையும் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 5 ஆண்டுகளில் 100-க்கு 28 பேருக்கு நோய் முற்றியது. வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு. முழுத் தடுப்பு இல்லை, ஆனால் உண்மையான பலன். நோய் இல்லாதவர்களுக்கும் ஆரம்பக் கட்டத்தினருக்கும் பலன் தெரியவில்லை. 'குடும்பத்தில் எல்லாரும் சாப்பிடலாம்' என்று விற்பதை நான் ஏற்பதில்லை.

முதல் கலவையில் பீட்டா கரோட்டின் இருந்தது. 2013-இல் வந்த இரண்டாவது ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது, பெரும்பாலும் முன்பு புகைபிடித்தவர்களில். அதற்குப் பதிலாக லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாஸாந்தின் 2 மில்லிகிராம் வைத்தார்கள். ஒமேகா-3 சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. புகைபிடிப்பவரோ முன்பு பிடித்தவரோ டப்பாவைத் திருப்பிப் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது.

சொட்டு மருந்துலயே புரையைக் கரைச்சிடலாம்னு வீடியோ வந்துச்சே?

அதற்கு மூலம் 2015-இல் வெளிவந்த லானோஸ்டெரால் ஆய்வு. ஆய்வகத்திலும் நாய்களிலும் புரதக் கட்டிகள் குறைந்ததாகச் சொன்னது, பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் மனிதர்களிடமிருந்து அறுவையில் எடுத்த முற்றிய லென்ஸ் துண்டுகளை லானோஸ்டெராலில் ஊற வைத்துப் பார்த்தபோது கரையவில்லை. மனிதப் புரை பல பத்தாண்டுகளில், பல விதமான பிணைப்புகளால் உருவானது. ஒரே சாவியால் அத்தனை பூட்டும் திறப்பது கடினம். கடையில் கிடைக்கும் கார்னோசின் சொட்டுகளுக்கும் நம்பத்தக்க சான்று இல்லை. என்றைக்காவது வழி பிறக்கலாம், பிறக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். இன்றைக்கு இல்லை.

விழித்திரை ஆபரேஷன் பண்ணினப்போ 'புரை சீக்கிரம் வரும்'னு கையெழுத்து வாங்கினாங்க. தப்பா பண்ணிட்டாங்களா?

தப்பில்லை. லென்ஸ் ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னேனே, அந்த ஏற்பாட்டில் பெரும் பங்கு பின்னால் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழுக்கு உண்டு. விழித்திரையிலிருந்து வரும் ஆக்சிஜன் லென்ஸைத் தொடாமல் கூழ் தடுக்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி-யும் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகிறது. விட்ரெக்டமி என்ற விழித்திரை அறுவையில் அந்தக் கூழை எடுத்து நீர் நிரப்புகிறார்கள். நீரில் ஆக்சிஜன் தாராளமாக நகரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் நடுப்புரை வந்துவிடும். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்தவர்களிடமும் இதே நடுப்புரையைப் பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜனேற்றம்தான் நடுப்புரையை உருவாக்குகிறது என்பதற்கு மனிதர்களிடம் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை என்பேன்.

செயற்கை லென்ஸ்லயும் மறுபடி புரை வருமா?

செயற்கை லென்ஸில் புரதமே இல்லை, அதனால் வராது. ஆனால் லென்ஸைத் தாங்க விட்டுவைத்த பையின் ஓரத்தில் மிச்சமிருக்கும் செல்கள் வளர்ந்து பின்சுவரை மங்க வைக்கலாம். லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்வார்கள்.

வயசானவங்க லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்குதே, அது விழித்திரைக்குப் பாதுகாப்பு இல்லையா? எடுத்துட்டா மாக்குலா கெடாதா?

கூர்மையான கேள்வி, ஆய்வாளர்களும் இதை நினைத்துப் பயந்தார்கள். மஞ்சள் லென்ஸ் நீலத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் ஏரெட்ஸில் பங்கேற்றவர்களில் புரை அறுவை செய்துகொண்டவர்களை ஆராய்ந்தபோது, அறுவையால் மாக்குலா நோய் முற்றுவது தெளிவாகக் கூடவில்லை. நீலத்தைத் தடுக்கும் செயற்கை லென்ஸ் மாக்குலாவைக் காக்கிறது என்பதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. பார்வை தெரியாமல் தடுக்கி விழுந்து எலும்பு முறிவது கண்ணெதிரில் இருக்கும் ஆபத்து. ஊகத்துக்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

விரதம் இருந்தா ஆட்டோஃபேஜி தூண்டப்படும், கண் குப்பையெல்லாம் சுத்தமாகும்னு சொல்றாங்க.

பட்டினியில் ஆட்டோஃபேஜி தூண்டப்படுவது உண்மை. ஆட்டோஃபேஜியின் வழிமுறையைக் கண்டறிந்த ஜப்பானியரான யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. ஆனால் லென்ஸின் நடுவில் அந்த வேலையைச் செய்ய உறுப்புகளே இல்லை. விழித்திரையின் நிறமிச் செல்லில் உறுப்புகள் உண்டு, ஆனால் லிப்போஃபஸ்சின் என்பதே லைசோசோமால் செரிக்க முடியாமல் தங்கியது. இன்னும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொட்டினால் செரித்துவிடும் என்று எப்படிச் சொல்வது? விரதத்தால் மனிதர்களில் புரையோ மாக்குலா நோயோ தடுக்கப்பட்டதாக நிரூபணம் இல்லை. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடப்பது ஆபத்து.

சரி, நான் செய்யக்கூடியது என்னதான் இருக்கு?

புகையை விடுவது முதலில். புகைபிடிப்பது நடுப்புரை, மாக்குலா இரண்டின் அபாயத்தையும் கூட்டுகிறது, மாக்குலாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு மாத்திரையும் தராத பலன் இதில் இருக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ சொட்டோ நீண்ட நாள் எடுத்தால் லென்ஸின் பின்பக்கம் புரை வரும், அதனால் நீங்களாகவே வாங்கித் தொடராதீர்கள். கீரை, மஞ்சள் நிறக் காய்கள் சாப்பிடுங்கள், லூட்டின் அவற்றில் இருக்கிறது. ஐம்பதுக்கு மேல் கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனையை விடாதீர்கள்.

ஒரு கண்ணை மூடினா கதவு நிலை வளைஞ்சு தெரியுது. அடுத்த மாசம் செக்கப் இருக்கு, அப்போ சொல்லிக்கலாமா?

வேண்டாம், இன்றைக்கே போங்கள். நேர்க்கோடு வளைந்து தெரிவது மாக்குலாவுக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். மெதுவாகப் பல வருடம் சேர்ந்த பழுது இந்தக் கட்டத்தில் நாள் கணக்கில் ஓடத் தொடங்கும். அந்தக் குழாய்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தைத் தடுக்க, கண்ணுக்குள் போடும் ஊசி இந்தக் கசிவை நிறுத்தக்கூடியது, ஆனால் தழும்பாகிவிட்ட பிறகு போட்டால் போனது திரும்பாது. இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிக் கட்டம் போட்ட தாளைப் பாருங்கள்.